தீர்ப்பு நிறைவேற்றம்: சொல் விளக்கம்

மனித உரிமை நீதிமன்றம் சொன்னதை ஒரு நாடு செய்துமுடிப்பதைத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் 'அமலாக்கம்' என்கின்றன. இலங்கையில் 'அமுல்படுத்தல்', 'நடைமுறைப்படுத்தல்' என்கிறார்கள். செயல், வேலை என்று பொருள்படும் அரபுச் சொல்லே 'அமல்'. பாரசீகம் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆங்கிலத்தார் சொல்லும் 'எக்ஸிகியூஷன்' என்பதன் லத்தீன் வேருக்குக் 'கடைசிவரை பின்தொடர்தல்' என்று பொருள்.

எனக்குப் பொருத்தமாகப் படுவது 'நிறைவேற்றம்'. நிறைவு, ஏறு என்ற இரண்டும் சேர்ந்தது. சட்டம் ஒரே நாளில் அமலுக்கு வந்துவிடும். பாகுபாட்டு வழக்கின் தீர்ப்பு அப்படி வருவதில்லை. 'பாகுபாடு' என்பதே 'பகு' என்ற வினையடியிலிருந்து வந்தது. பல காலமாகப் பகுத்து வைத்ததை ஓர் உத்தரவு ஒட்டவைத்துவிடாது.

செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரில், ஐரோப்பாவின் சிறுபான்மையினரான ரோமா இனக் குழந்தைகளை அறிவுத்திறன் குறைந்தோருக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அவர்களில் 18 பேர் தொடுத்த வழக்கில், இது மறைமுகப் பாகுபாடு (எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றும் விதி ஓர் இனத்தாரை மட்டும் அதிகம் பாதிப்பது) என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. ஆளுக்கு 4,000 யூரோ இழப்பீடு. பணத்தைக் கொடுப்பது எளிது. தேர்வு முறை, பள்ளிச் சேர்க்கை, ஆசிரியர் மனம் எல்லாம் மாறினால்தான் அடுத்த குழந்தைக்கு அதே கதி நேராது. வழக்காடியவருக்குச் செய்வதைத் 'தனியாள் நடவடிக்கை' என்றும், இனி வருவோருக்காகச் செய்வதைப் 'பொது நடவடிக்கை' என்றும் பிரித்துச் சொல்லலாம். இரண்டும் முடிந்தால்தான் நிறைவேற்றம். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 46ஆம் பிரிவின்படி இதைக் கண்காணிப்பது ஐரோப்பிய அவையின் (Council of Europe) அமைச்சர்கள் குழு. ஒஸ்ட்ராவா வழக்கு பத்தாண்டுகளுக்குப் பிறகும் அதன் மேசையில்தான் இருந்தது.

திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளைத் தாழ்த்திய பெல்ஜியச் சட்டத்தை நீதிமன்றம் 1979இல் கண்டித்தது. சட்டம் மாறியது 1987இல். தாமதம்தான், ஆனாலும் அதை நிறைவேற்றம் என்று சொல்லலாம்.

போஸ்னியாவின் நிலை வேறு. மூவர் கொண்ட அதிபர் பதவிக்குப் போஸ்னியாக், குரோவாட், செர்பிய இனத்தார் மட்டுமே போட்டியிடலாம் என்கிறது அதன் அரசமைப்பு. யூதரையும் ரோமாவையும் ஒதுக்கும் இவ்விதி பாகுபாடு என்று அதே நீதிமன்றத்திலிருந்து 2009 டிசம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. அதன் பின் 2010, 2014, 2018, 2022 தேர்தல்கள் அதே விதிப்படிதான் நடந்தன. இதை எழுதும்போது 'அமலாக்கத்தில் தாமதம்' என்று மெழுக வேண்டாம். 'தீர்ப்பு நிறைவேறவில்லை' என்றே எழுதுங்கள்.