ஏலதாரரா, ஏலம் கூறுபவரா?

லண்டனில் 1766இல் ஏல விற்பனையைத் தொடங்கிய ஜேம்ஸ் கிறிஸ்டியைப் 'புகழ்பெற்ற ஏலதாரர்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். இதே பிழையை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. கிறிஸ்டி மேடையில் நின்று விற்றவர். ஏலதாரர் என்றால் எதிரே நின்று கேட்பவர். ஆளையே இடம் மாற்றிவிட்டார்கள்.

ஏலம் போர்த்துகீசிய 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது. மலையாளத்தில் இன்றும் 'லேலம்'தான். 'ஏல்' என்ற வினையிலிருந்து பிறந்த தூய தமிழ்ச் சொல் என்பார்கள் சிலர். அந்த முதல் லகரத்துக்கு அவர்களிடம் பதில் இல்லை. போகட்டும், வந்த சொல் நன்றாக வேர்விட்டுவிட்டது.

என் சண்டை 'தாரர்' என்ற ஒட்டோடுதான். பாரசீகத்திலிருந்து வந்த இந்த ஒட்டுக்கு 'வைத்திருப்பவர்' என்று பொருள். குத்தகைதாரர் குத்தகைக்கு எடுத்தவர்; கொடுத்தவர் அல்ல. உரிமதாரர் உரிமம் பெற்றவர்; அதை வழங்கிய அதிகாரி அல்ல. அதே வழியில்தான் ஏலதாரரும். வங்கி ஏல அறிவிப்பில் 'ஏலதாரர்கள் முன்வைப்புத் தொகை செலுத்த வேண்டும்' என்று இருந்தால் யார் பணம் கட்டுவது? வாங்க வருகிறவர். இவ்வளவு தெளிவாக நிலைத்த சொல்லை எடுத்து விற்பவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அகராதியில் ஒரு சொல்லைப் பிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது எந்த வினையோடு வாழ்கிறது என்று பார்ப்பதே இல்லை.

தமிழில் இதற்கு வினைகளா இல்லை? பொருளுக்கு உரியவர் ஏலம் விடுகிறார், வந்தவர்கள் கேட்கிறார்கள், ஒருவர் எடுக்கிறார். நடுவில் நின்று 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று குரல் கொடுப்பவர் ஏலம் கூறுகிறார். அப்புறம் என்ன, ஏலம் கூறுபவர்தான் அவர். 'ஏல விற்பனையாளர்' என்றாலும் தவறில்லை; ஆனால் அதில் அந்தக் குரல் இல்லை. கிறிஸ்டியின் பிழைப்பே பேச்சில் இருந்தது.

அவரைக் 'கலைத் தரகர்' என்றும் எழுதுகிறார்கள். இது பாதி சரி. பிரிட்டனின் பிரதமராக இருந்த ராபர்ட் வால்போல் சேர்த்த ஓவியங்களை அவருடைய பேரன் 1779இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரீனுக்கு விற்றார். அந்தப் பேரத்தில் கிறிஸ்டிக்குப் பங்கு உண்டு. அங்கே ஏலமே நடக்கவில்லை, ஆகவே தரகர் பொருந்தும். ஆனால் சொந்தப் பணத்தில் ஓவியம் வாங்கி வைத்து விற்பவரையும் தரகர் என்பது பிழை. அவர் கலை வணிகர். விலை விழுந்தால் நட்டம் அவருக்கு. ஏலம் கூறுபவரோ பிறர் பொருளை விற்றுக் கமிஷன் பெறுகிறவர்.

ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1778இல் தீட்டிய உருவப்படத்தில், ஒரு நிலக்காட்சி ஓவியத்தின்மேல் கையை ஊன்றிச் சாய்ந்திருக்கிறார் கிறிஸ்டி. அந்தப் படத்துக்குக் கீழே 'ஏலதாரர்' என்று எழுதினால், அதை வாங்க வந்தவராகத்தான் தமிழ் வாசகர் நினைப்பார்.