பத்துப் பக்கங்கள், ஒரே மூலம்

தேடுபொறியில் முதலில் வருவதால் மட்டும் ஒரு பக்கம் நம்பகமானதாகிவிடாது. 1998-இல் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரினும் முன்வைத்த பேஜ்ரேங்க் என்ற தரவரிசை முறை, ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புத் தருகின்றன, அவற்றின் மதிப்பு என்ன என்பதைக் கணக்கிட்டது. இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் தேடுபொறி ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து மெய்யா பொய்யா என்று பார்ப்பதில்லை.

அப்படியானால் யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் இணையத்தில் படிக்கும் விதத்தை ஒப்பிட்டனர். மாணவர்களும் அறிஞர்களில் பலரும் பக்கத்துக்குள்ளேயே தங்கி, சின்னத்தையும் வடிவமைப்பையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சட்டென்று வெளியேறி, புதிய தாவல்களில் அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். நீங்களும் தளத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். அந்தத் தளமே தன்னைப் பற்றி எழுதியிருப்பதை ஒதுக்கிவிட்டு, மற்றவை சொல்வதைப் படியுங்கள்.

அடுத்தது, என் கணிப்பில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம். ஒரே செய்தி பத்துப் பக்கங்களில் இருந்தால் பத்துச் சான்றுகள் இருப்பதாகத் தோன்றும். அதில் தனித்துத் தெரியும் ஏழெட்டுச் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள். அதே வரி எல்லாவற்றிலும் வந்தால், ஒருவர் எழுதியதை மற்றவர்கள் நகலெடுத்திருக்கிறார்கள். விக்கிப்பீடியாவில் இது வட்டமாகவே சுற்றும்: சான்றில்லாமல் ஒருவர் சேர்த்த வரியை ஒரு நாளிதழ் எடுத்து எழுதும், பிறகு அந்த நாளிதழே அந்த வரிக்குச் சான்றாக வந்து நிற்கும். கட்டுரையின் திருத்த வரலாற்றில் அந்த வரி சேர்ந்த தேதியை நாளிதழின் தேதியோடு ஒப்பிட்டால் எது முந்தியது என்று தெரிந்துவிடும்.

ஆய்வுக் கட்டுரை என்றால் அதன் டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரைக்கென்று தரப்படும் நிலையான அடையாள எண்ணைப் பாருங்கள். அது 10 என்ற எண்ணும் ஒரு புள்ளியுமாகத் தொடங்கும். டிஓஐ தளத்தில் (doi.org) அதை இட்டதும் கட்டுரையின் பக்கம் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் முதலில் தட்டச்சுப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். எண் சரியாக இருந்தும் வேறு கட்டுரை திறந்தால் அந்த மேற்கோளை நம்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆசிரியர், எண் எல்லாம் கச்சிதமாகக் கற்பித்துத் தருவதுண்டு.

உண்மையிலேயே வெளிவந்த கட்டுரையும் பின்னர் திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்துப் பேசவைத்த, பிரிட்டிஷ் மருத்துவராக இருந்த வேக்ஃபீல்டின் கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டு, 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 2010-இல்தான் அதை இதழ் திரும்பப் பெற்றது. அதற்கு முன்பே தரவிறக்கிய பிடிஎஃப் கோப்பில் அந்த அறிவிப்பு இருக்காது. அதனால் கைவசம் உள்ள கோப்பை மட்டும் நம்பாமல், இதழின் தளத்தில் கட்டுரையின் பக்கத்தைத் திறந்து, திரும்பப் பெற்றதாகவோ திருத்தியதாகவோ குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேற்கோள் காட்டுங்கள்.