ஹோலிஸ்டிக்: முழுமையா, மாற்றா, முழுதளாவியதா?

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் யோகா வகுப்பு, எண்ணெய்த் தடவல், கவுன்சலிங், ஆளுமைப் பயிற்சி என எதன் முன்னாலும் ‘ஹோலிஸ்டிக்’ என்ற ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொள்கிறது. தமிழில் எழுதும்போது சிலர் ‘முழுமையான’ என்கிறார்கள், சிலர் ‘இயற்கை’ என்கிறார்கள், சிலர் ‘மாற்று’ என்கிறார்கள். பின்னவை இரண்டும் தவறு. முதலாவது பாதி சரி, ஆனால் அந்தப் பாதியிலும் ஒரு வம்பு இருக்கிறது.

‘ஹோலிசம்’ என்ற சொல்லை 1926-இல் பரிணாமம் பற்றிய தம் நூலில் உருவாக்கியவர் தென்னாப்பிரிக்காவின் யான் ஸ்மட்ஸ். அங்கே காந்தி சத்தியாகிரகம் நடத்தியபோது அரசுத் தரப்பில் நின்றாரே, அதே ஸ்மட்ஸ்தான். ஒரு முழுப்பொருளின் உறுப்புகளைத் தனித்தனியாகக் கணக்கெடுத்துக் கூட்டிவிட்டால் அந்த முழுமை கிடைத்துவிடாது என்பது அவர் கருத்து. அதில் மருத்துவமும் இல்லை, மூலிகையும் இல்லை. அடிச்சொல் ‘முழு’ எனப் பொருள்படும் கிரேக்க ‘ஹோலோஸ்’. நமக்குப் பழகிய வடசொல் ‘சர்வ’ அதற்கு ஒரே வேரில் பிறந்த உறவு. ஆங்கிலத்தில் முழுமையைக் குறிக்கும் ‘ஹோல்’ ஒலியில் நெருங்கினாலும் வேறு குடும்பம். ‘ஹெல்த்’, ‘ஹீல்’ இரண்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே ‘ஹோலிஸ்டிக் ஹீலிங்’ என்பதில் இரண்டு சொல்லும் ஒரே வேர் என்று யாராவது விளக்கினால் நம்ப வேண்டாம்.

இந்தப் பார்வைக்கு மருத்துவத்தில் வேறு வழிகளிலும் வலு சேர்ந்தது. நோய் இல்லாதிருப்பது மட்டுமே நலம் ஆகாது, உடல், மனம், சமூகம் மூன்றிலும் நன்றாக இருப்பதே நலம் என்கிறது 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம். 1977-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல், நோயை உடல், உளம், சமூகம் என மூன்று பக்கமும் பார்க்கும் மாதிரியை முன்வைத்தார். நமக்கு இது புதிதல்ல. குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் என நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறது.

ஆக, எந்தப் பக்கத்தையும் விடாமல் பார்ப்பதே ஹோலிஸ்டிக். மருந்தை விலக்குவது அல்ல. மருந்தை விட்டுவிட்டால் ஒரு பக்கம் விடுபட்டுவிடுகிறதே!

நடைமுறையில் அது எப்படி இருக்கும்? ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை பார்க்க வேண்டும். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வு போலவே சோர்வையும் மந்தத்தையும் தரும். அப்புறம் குடி, கடன், வீட்டில் யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பேச ஆள் உண்டா என்பவை. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கடைசியாக வேலை நேரம். பால் நன்றாக ஓடுவது விடியற்காலையில் என்பதால் அவர் இருட்டிலேயே தோட்டத்தில் நிற்கிறார். அவரிடம் ‘காலை ஐந்து மணிக்கு எழுந்து தியானம் செய்யுங்கள்’ என்றால் அது நடக்காது. முன்னிரவிலேயே படுப்பதும், வேலை முடிந்தபின் பத்து நிமிடம் மெதுவாக மூச்சுவிடுவதும் அவருக்குப் பொருந்தும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில், ஐந்து நொடி இழுத்து ஐந்து நொடி விட்டால் போதும். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும்.

பெரிய தவறு நடப்பது வேறு இடத்தில். மிகையான எழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர் உப்பில்லா உணவு, உண்ணாநோன்பு என்று இறங்கினால், உடலில் சோடியம் குறைய, சிறுநீரகம் லித்தியத்தைக் கூடுதலாகத் தேக்கிவைக்கும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என்று தொடங்கி நஞ்சாகிவிடும். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென நிறுத்தினாலும் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். அளவை மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். மலையாளமும் தெலுங்கும் ‘சமக்ர’ என்பதை எடுத்துக்கொண்டன. ‘சமக்ர சிக்‌ஷா’ என்ற மத்தியக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ ஆனது. கல்விக்கு அது பொருந்தும். மருத்துவத்தில் ‘ஒருங்கிணைந்த’ என்றால் அலோபதியும் சித்தமும் ஆயுர்வேதமும் சேர்ந்து சிகிச்சை தருவது என்று ஆகிவிடுகிறது. அது வேறு கருத்து. ‘முழுமையான’ என்றால் படிப்பவர் ‘முழுமையான குணம்’ என்று எடுத்துக்கொள்கிறார். நான் சொன்ன வம்பு இதுதான். வானளாவிய, உலகளாவிய என்ற அச்சில் ‘முழுதளாவிய’ என்பது எதையும் வாக்குக் கொடுக்காமல் பரப்பை மட்டும் சொல்கிறது. எழுத்தில் அதுவே என் தேர்வு. பேச்சில் ‘எல்லாப் பக்கமும் பார்த்து’ என்றால் யாருக்கும் புரியும்.

எல்லையோரத்தில் மலையாளத்திலிருந்தோ தெலுங்கிலிருந்தோ துண்டறிக்கை பெயர்ப்பவர்கள் தடுக்கி விழும் சொற்கள் உண்டு. ‘விகாரம்’ மலையாளத்தில் உணர்ச்சி, தெலுங்கில் குமட்டல், தமிழில் அருவருப்பான தோற்றம். ‘விஷமம்’ மலையாளத்தில் மனவருத்தம், தமிழில் குறும்பு. தெலுங்கில் ‘விஷமம்’ என்றால் நோயாளி அபாய நிலையில் இருக்கிறார். சமம் அல்லாதது என்ற முதற்பொருளிலிருந்து தமிழ்தான் அதிகம் விலகிப் போய்விட்டது. ‘உத்வேகம்’ தமிழில் ஊக்கம், தெலுங்கில் கொந்தளிக்கும் உணர்ச்சி. எனவே ‘உணர்ச்சி’ என்று எழுத வேண்டிய இடத்தில் மூல எழுத்தை அப்படியே தமிழில் இறக்கக் கூடாது. ‘சுகம்’ மட்டும் தப்பியது. மலையாள ‘சுகமில்ல’வும் குமரியின் ‘சொகமில்ல’வும் ஒன்றுதான். ஆளுமை வளர்ச்சிக்கு மலையாளத்தில் ‘வியக்தித்வ விகசனம்’, தெலுங்கில் ‘வியக்தித்வ விகாசம்’. நமக்கு ‘ஆளுமை வளர்ச்சி’ போதும்.

மனநலச் சிகிச்சையை யார் தரலாம் என்பதிலும் தெளிவு உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல வல்லுநர் என்ற வரையறையில் மனநல மருத்துவரோடு, ஆயுர்வேதத்தில் மனநோய்ப் பிரிவிலும் சித்தத்தில் சிறப்பு மருத்துவத்திலும் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களையும் சேர்த்திருக்கிறது. ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழ் அதில் இல்லை. பலகையில் எந்தச் சொல் இருந்தாலும் உள்ளே இருப்பவரின் பட்டத்தைக் கேளுங்கள். போக வழியில்லாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவியின் இலவச எண் இது. எந்நேரமும் இயங்குகிறது, தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றிலும் பேசலாம்.