பல்வலிக்கு மாத்திரை போட்டே காலம் தள்ளாதீர்கள்

கன்னம் வீங்கி, வாயில் இரண்டு விரல்கூட நுழையாத நிலையில் இந்த வாரமும் ஒருவர் வந்தார். விசாரித்தால், "போன வாரம் உயிர் போகிற வலி டாக்டர், மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது" என்கிறார். இதையே எத்தனை பேரிடம் கேட்பது?

சரியாகவில்லை. சொத்தை ஆழமாகிப் பல்லின் நடுவிலுள்ள, நரம்பு ஓடும் மென்மையான கூழைத் (pulp) தாக்கும்போதுதான் தூங்கவிடாத அந்தத் துடிப்பு வலி வருகிறது. கூழ் செத்துவிட்டால், வலியை உணர அங்கே நரம்பு இருக்காது. அந்த அமைதியைத்தான் பலரும் குணமென்று நம்பி, பல் மருத்துவரைப் பார்க்க வாங்கிய தேதியையும் விட்டுவிடுகிறார்கள். கிருமிகளோ வேர்நுனியைத் தாண்டி எலும்புக்குள் இறங்கிச் சீழ் வைக்கின்றன. வலி நிவாரணி வலியை மட்டுமே குறைக்கும். சொத்தையையும் சீழையும் அது தொடுவதே இல்லை. வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் வலி மாத்திரை அல்ல. வீக்கமோ காய்ச்சலோ இல்லாத சாதாரணப் பல்வலிக்கு அதைக் கேட்டு வாங்காதீர்கள். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது அமிலம், வைத்த இடம் வெந்து வெளுத்துத் தோலாக உரிகிறது, பல்வலியோடு புண்ணும் சேர்கிறது.

சிகிச்சை கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க, வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இபுப்ரோஃபென், பாரசிட்டமால் இரண்டுமே போதும். சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகத் தருவதைவிட நன்றாகவே கேட்கும். ஆனால் பாரசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அதனினும் குறைவு. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருப்பதால், அட்டையைப் படித்து அதையும் கணக்கில் சேருங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இபுப்ரோஃபெனைத் தொட வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள், பல் எடுக்கப் போகிறோம் என்று அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

பல் எடுத்த பிறகு, மரப்பு முழுவதும் விலகுவதற்கு முன்பே முதல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். வலி ஏறியபின் அடக்குவது கடினம். இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறையாமல் கூடினால், மாத்திரையைக் கூட்டாமல் எங்களிடம் திரும்பி வாருங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினால், பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.