வெளிச்சம் பட்டால் மேடேறும் துளி

பம்ப் இல்லாமல், குழாயைச் சாய்க்காமல், ஒரு சொட்டுத் திரவத்தை நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும், மேட்டில்கூட ஏற்றலாம்.

1992-லேயே மனோஜ் சௌத்ரி, ஜார்ஜ் வைட்சைட்ஸ் என்ற விஞ்ஞானிகள் இதைச் செய்து காட்டினார்கள். சிலிக்கான் தகட்டின் ஒரு முனையில் நீர் ஒட்டாது, மறுமுனைக்குப் போகப்போக நன்றாக ஒட்டும். அதில் வைத்த நீர்த்துளி 15 டிகிரி சரிவில் மேலே ஏறியது. ஆனால் அந்தப் பாதை போட்டது போட்டதுதான், பிறகு மாற்ற முடியாது.

2016-இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் யூ யான்லெய் குழுவினர் குழாயின் வடிவத்தையே மாற்றினார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், அவ்வளவு அழகு.

மெல்லிய குழாய்க்குள் ஒரு சொட்டு எண்ணெய். அது சுவரில் ஒட்டுவதால் இரு முனைகளும் உட்குழிந்து நிற்கும். குழிந்த ஒவ்வொரு முனையும் பரப்பு இழுவிசையால் எண்ணெயைத் தன் பக்கம் இழுக்கும். குழாய் சீராக இருந்தால், சம பலமுள்ள இரண்டு அணிகள் கயிறு இழுப்பதைப் போல, எதுவும் அசையாது. ஒரு பக்கம் குறுகினால்? அங்கே வளைவு கூடும், இழுப்பும் கூடும். ஆரம் பாதியானால் இழுக்கும் அழுத்தம் இரண்டு மடங்கு. எண்ணெய் குறுகிய பக்கம் ஓடும். சுவரின் சொரசொரப்பு துளியைப் பிடித்து வைக்கப் பார்க்கும். அதை வெல்லும் அளவுக்குக் குழாய் குறுகினால் போதும்.

சரி, குழாயின் ஒரு பக்கத்தை மட்டும் எப்படிக் குறுகலாக்குவது? அதன் சுவர் அசோபென்சீன் என்னும் மூலக்கூறு கொண்ட திரவப்படிக பாலிமர், அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும் ஒருவகை பிளாஸ்டிக். நேராக நீண்டிருக்கும் அசோபென்சீன் ஒளி பட்டதும் மடங்கும். 0.9 நானோமீட்டர் நீளம் 0.55 ஆகிவிடும். இந்த மூலக்கூறுகள் பாலிமரின் நீண்ட சங்கிலிகளோடு பிணைந்திருப்பதால், அவை மடங்கித் திரும்பும்போது சுவரே உருமாறும், குழாய் விரியும். நீல ஒளியை ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் பாய்ச்சினால் பிரகாசமான பக்கம் அதிகம் விரிந்து கூம்பு உருவாகிவிடும். திரவம் மங்கலான பக்கம் நகரும். விளக்கை நகர்த்தினால் கூம்பும் கூடவே நகரும். 17 டிகிரி மேட்டிலும் ஏற்றிவிட்டார்கள்.

அசோபென்சீன் ஒளியில் மடங்கும் என்று வேதியியலாளர் ஹார்ட்லி கண்டது 1937-இல். இப்படியொரு குழாய் வருவதற்கு 79 ஆண்டுகள் முன்பு! மூன்றே ஆண்டில் பயன் காட்டினால்தான் பணம் என்னும் நிதித் திட்டங்களில் இத்தகைய ஆய்வுகளுக்கு இடமே இருக்காது. அது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

ஒரு துளி ரத்தத்தைச் சோதிக்கும் சின்னச் சில்லுகளில் பம்ப்புக்கும் மின்கம்பிகளுக்கும் பதிலாக இந்த முறை உதவக்கூடும். ஆனால் திரவம் சுவரில் ஒட்டுவது அவசியம். ஒட்டாத திரவத்தின் முனைகள் வெளியே புடைத்து நிற்கும், குறுகிய முனை அதை இழுக்காமல் தள்ளும், துளி எதிர்ப்பக்கம் ஓடும்.