கோளாறு கியர் பாக்ஸில், தேய்வது இன்ஜின் பேரிங்

ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜின் தட்டுகிறது என்று யாராவது வந்தால், "ஆயில் மாத்தாம ஓட்டியிருப்பாங்க" என்று உடனே சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது உண்மைதான். ஆனால் பேரிங்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பதற்கு முன் அந்தத் தீர்ப்பைச் சொல்லக் கூடாது. ஆயில் பற்றாமல் போன இன்ஜினில் பிஸ்டன் ராடு கிராங்க் ஷாஃப்டோடு சேரும் இடத்தில் உள்ள ராடு பேரிங்கும், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்கும் சேர்ந்து அடிவாங்கியிருக்கும். அவையெல்லாம் நல்ல நிலையில் இருந்து, த்ரஸ்ட் வாஷர் மட்டும் தேய்ந்திருந்தால் கியர் பாக்ஸைச் சோதிக்காமல் அந்த இன்ஜினை மூடாதீர்கள்.

இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து நிறுத்துவது த்ரஸ்ட் வாஷர்தான். சில இன்ஜின்களில் அது மெயின் பேரிங்கோடு சேர்ந்தே வரும். பெரும்பாலான கார்களில் புது இன்ஜினில் விடும் பிளே, அதாவது கிராங்க் முன்பின் அசையும் அளவு, 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கும், கிட்டத்தட்ட 0.3 ஆகிவிட்டால் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். மெயின் பேரிங் வளைவானது. ஷாஃப்ட் சுற்றும்போது தானே ஆயிலை உள்ளே இழுத்து, அந்தப் படலத்தின் மேல் மிதக்கும். த்ரஸ்ட் வாஷரோ தட்டையானது. மெயின் பேரிங்கிலிருந்து வழிந்து வரும் ஆயில்தான் அதற்கு ஆதாரம். அவ்வப்போது வந்து போகும் அழுத்தத்தை அது தாங்கும், ஓயாமல் ஒரே பக்கம் தள்ளினால் தாங்காது.

அப்படித் தள்ளுவது டார்க் கன்வர்ட்டர், அதாவது இன்ஜின் சுற்றுவதை ஆயில் வழியாக ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். அதற்குள் கியர் பாக்ஸ் ஆயில் அழுத்தத்தோடு ஓடுவதால் கிராங்கை முன்பக்கம் கொஞ்சம் தள்ளத்தான் செய்யும். அதைக் கணக்கில் வைத்தே இன்ஜினைச் செய்திருக்கிறார்கள். ஆயில் வெளியேறும் பாதையில் உள்ள கூலர் அடைத்துக்கொண்டாலோ, பிரஷர் வால்வு சிக்கிக்கொண்டாலோ, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலினாய்டு கெட்டு எப்போதும் முழு பிரஷரிலேயே ஓடினாலோ கன்வர்ட்டருக்குள் அழுத்தம் ஏறிவிடும். கன்வர்ட்டர் உப்பும். அந்தத் தள்ளல், கன்வர்ட்டரைக் கிராங்கோடு இணைக்கும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட் வழியாக நேரே கிராங்குக்குப் போகும்.

எங்களிடம் வந்த ஒரு டீசல் வண்டி இதற்கு நல்ல உதாரணம். வேறு இடத்தில் கியர் பாக்ஸ் ஓவர்ஹால் ஆகி, அடுத்து இன்ஜினும் செய்து, மறுபடி அதே சத்தம். வாஷரைக் கழற்றிக் கையில் எடுத்ததும் விஷயம் புரிந்துவிட்டது. முன்பக்க முகத்தில் ஆயில் பள்ளங்கள் புதிதுபோல் கூர்மையாக இருந்தன. கியர் பாக்ஸ் பக்க முகத்தில் பள்ளமே இல்லை, பேரிங் மெட்டல் போய் ஸ்டீல் தெரிந்தது. கிராங்கின் அந்தப் பக்கச் சுவர் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. கூலர் லைனைக் கழற்றி ஆயில் வரத்தைப் பார்த்தால் சொட்டுச் சொட்டாக வந்தது. உள்ளே பழைய கிளட்ச் பிளேட்டின் கருந்தூள் சகதியாகப் படிந்திருந்தது. ஓவர்ஹால் செய்தபோது அந்தக் கூலரை யாரும் தொடவே இல்லை. இன்ஜின் செய்தவர் கியர் பாக்ஸ்காரரைச் சொல்கிறார், அவர் இவரைச் சொல்கிறார். நடுவில் இரண்டு பில்லையும் கட்டியது வண்டிக்காரர்தான். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பிரஷர் சரியாக இருந்தும் பொருத்தும்போதே கெடுப்பது உண்டு. கன்வர்ட்டர் கியர் பாக்ஸ் பம்பில் முழுசாக உட்காராமல், பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் கியர் பாக்ஸ் கூடு) போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்த்துவிடுவார்கள். பம்பும் போகும், த்ரஸ்ட் வாஷரும் போகும். ஹவுசிங் சேர்ந்த பிறகு, ஃப்ளெக்ஸ் பிளேட்டில் போல்ட் போடுவதற்கு முன், கன்வர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். பிளேட்டுக்கும் அதற்கும் இடையில் பல வண்டிகளில் சுமார் 3 மி.மீ. இடைவெளி இருக்கும். இடைவெளியே இல்லையென்றால் கியர் பாக்ஸைத் திரும்ப இறக்குங்கள், வேறு வழியில்லை.

எர்த் வயரையும் விட்டுவிடாதீர்கள். இன்ஜின் எர்த் துருப்பிடித்திருந்தால் செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் கிராங்க் வழியாகப் பாதை தேடும். பேரிங் முகத்தில் மங்கலாகப் பொரிந்தாற்போல் தடம் விழும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் கியர் பாக்ஸ் உடலுக்கும் இடையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: நிறுத்தத்தில் டி-யிலோ ஆர்-லோ போடும்போது இன்ஜின் அமுங்குகிறதா, முன்பு இல்லாத தட்டல் கேட்கிறதா, கிராங்க் சென்சார் எரர் கோட் (பிழைக் குறியீடு) அடிக்கடி வருகிறதா, இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் ஓட்டிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஆரம்பத்தில் வாஷரோடு போகும் செலவு, கிராங்கின் சுவர் தேய்ந்துவிட்டால் கிராங்க் மாற்றும் செலவாகிவிடும். கியர் பாக்ஸ் வேலைக்கு விடும்போது கூலரை என்ன செய்தார்கள் என்று கேட்டு, கழுவினார்களா மாற்றினார்களா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

சக மெக்கானிக்குகளுக்கு ஒன்று. கியர் பாக்ஸ் மாட்டுவதற்கு முன் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவி) வைத்து கிராங்க் பிளே எடுத்து எழுதி வையுங்கள். கன்வர்ட்டர் போல்ட் வரை இறுக்கிய பிறகு, முன்பக்கப் புல்லியில் இன்னொரு முறை எடுங்கள். அளவு குறைந்திருந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள். போல்ட்டைக் கழற்றி முதலில் கன்வர்ட்டரைப் பாருங்கள்.