லினக்ஸ் போனில் பார்ட்டிஷனைச் சுருக்கப் போகிறீர்களா?

சர்வர் நிர்வாகம் என் தொழில். அந்தப் பழக்கத்தில், செயில்ஃபிஷ், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட போனில் சிக்கல் வந்தால் தம்பிகள் சிலர் என்னிடம் கொண்டுவருவார்கள். "ஹோம்ல இடம் சும்மாதான் கிடந்துச்சுண்ணே, கொஞ்சம் எடுத்து ரூட்டுக்குக் கொடுத்தேன், இப்ப பூட்டே ஆகல" என்பார்கள். கைவைப்பதற்கு முன்னால் ஒருத்தரும் வருவதில்லை! போனின் சேமிப்பைத் துண்டுதுண்டாகப் பிரித்திருப்பார்கள், ஒவ்வொரு துண்டும் ஒரு பார்ட்டிஷன். இயங்குதளமும் செயலிகளும் இருக்கும் துண்டு ரூட், உங்கள் கோப்புகள் இருக்கும் துண்டு ஹோம்.

இடம் போதாமல் போவது நிஜமான பிரச்சினைதான். சோனி எக்ஸ்பீரியா எக்ஸில் செயில்ஃபிஷ் போட்டால் ரூட்டுக்குக் கிடைப்பது சுமார் 2.5 ஜிபி. நாலைந்து பெரிய செயலிகளும் ஒரு அப்டேட்டும் வந்தால் மூச்சு முட்டும். ஆனாலும் எது இடத்தை அடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய லாக், அப்டேட் விட்டுச்சென்ற கேஷ், ஃப்ளாட்பேக் என்ற செயலி நிறுவும் முறையின் பழைய ரன்டைம்கள் (செயலிகளுக்கான துணைத்தொகுப்புகள்), இவற்றைக் களைந்தாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். ஹோம் நிரம்பிவிட்டது என்பவர்களுக்கு இன்னொன்று. இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் (பார்ட்டிஷனுக்குள் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை), வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று (இது பார்ட்டிஷன் இல்லை, நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கி வைத்துக்கொள்ளும். 25 ஜிபி ஹோமில் அது ஒன்றேகால் ஜிபி. ஹோமில் அவ்வளவு ஒதுக்கீடு தேவையே இல்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம். பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம்.

அப்படியும் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், வரிசை முக்கியம். பார்ட்டிஷன் ஒரு பெட்டி, ஃபைல் சிஸ்டம் அதற்குள் இருக்கும் பொருள். பெரிதாக்கும்போது முதலில் பார்ட்டிஷன், அப்புறம் ஃபைல் சிஸ்டம். சுருக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம், அப்புறம்தான் பார்ட்டிஷன். இஎக்ஸ்டி4-ஐ போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கிவிடலாம். சுருக்க வேண்டுமானால் அன்மவுன்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து கழற்றி), ஃபைல் சிஸ்டத்தில் பிழை தேடும் இ2எஃப்எஸ்சிகே சோதனை ஓட்டிய பிறகே முடியும்.

வரிசை தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் அளவுக் கணக்கு. ஃபைல் சிஸ்டத்தின் அளவை மாற்றும் ரீசைஸ்2எஃப்எஸ்-இடம் 20 ஜி என்றால் அது 1024-இன் மடங்கில் எடுத்துக்கொள்ளும். பார்ட்டிஷனின் அளவை மாற்றும் பார்ட்டெட்டில் 20 ஜிபி என்றால் 1000-இன் மடங்கு. முதலாவது கணக்கு பார்ட்டெட்டின் கணக்கில் 21.47 ஜிபி. ஃபைல் சிஸ்டத்தை அங்கே 20 ஆக்கி, பார்ட்டிஷனை இங்கே 20 ஆக்கினால், வால்பகுதியில் கிட்டத்தட்ட ஒன்றரை ஜிபி வெட்டுப்படும். இது போதாதென்று, பார்ட்டெட்டின் ரீசைஸ்பார்ட் கட்டளை கேட்பது பார்ட்டிஷனின் அளவை இல்லை, வட்டில் அது முடியும் இடத்தை. பார்ட்டிஷன் 4 ஜிபியில் தொடங்கினால் அந்த நாலும் சேர்ந்து அடிவாங்கும். நான் செய்வது இதுதான்: 20 வேண்டுமென்றால் ஃபைல் சிஸ்டத்தை 18-க்குச் சுருக்குவேன், பார்ட்டிஷனை அதன் தொடக்கத்திலிருந்து 20 தள்ளி வெட்டுவேன், கடைசியில் அளவே சொல்லாமல் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டுவேன். அது பார்ட்டிஷன் முழுக்க தானாக விரிந்துகொள்ளும். மடிக்கணினியில் இணைத்துச் செய்ய வழியிருந்தால் இதே வேலையைத் திரையில் படமாகக் காட்டிச் செய்யும் ஜிபார்ட்டெட்டையே பயன்படுத்துங்கள், வரிசையை அது பார்த்துக்கொள்ளும்.

எக்ஸ்பீரியா செயில்ஃபிஷில் ரூட்டும் ஹோமும் எல்விஎம்முக்குள் (இடத்தை அடுத்தடுத்து இல்லாமலும் பிரித்துத் தரும் ஓர் அடுக்கு) இருக்கின்றன. ஹோமின் தொடக்கத்தை நகர்த்தவே தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. பழுதுபார்க்கவென்றே உள்ள ரெக்கவரி இமேஜில் பூட் செய்து, யுஎஸ்பி வழியாக 10.42.66.66 என்ற முகவரிக்கு மடிக்கணினியிலிருந்து டெல்நெட் போட்டு, ஷெல்லுக்குள் (கட்டளைத் திரைக்குள்) போய் வேலை செய்யலாம். ஹோம் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் நடுவில் லக்ஸ் என்று இன்னொரு அடுக்கு வரும். அப்போது பேக்கப் இல்லாமல் சுருக்க நான் ஒத்துக்கொள்வதில்லை.

பைன்போன் என்ற லினக்ஸ் போன் வேறு மாதிரி. அதன் ஆல்வின்னர் ஏ64 சிப், பூட்லோடரை (போனைத் தொடங்கிவைக்கும் நிரலை) வட்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளித் தேடும். எந்தப் பார்ட்டிஷனிலும் சேராத இடம் அது. புதிதாக ஜிபிடி அட்டவணை (பார்ட்டிஷன்களின் பட்டியல்) எழுதினால் அது முதல் 17 கேபியைப் பிடித்துக்கொள்ளும், அங்கே யு-பூட் என்ற பூட்லோடர் இருந்தால் அழிந்துபோகும். ஆகவே இருக்கும் அட்டவணையைத் திருத்துங்கள், புதிது எழுதாதீர்கள். அழிந்துவிட்டாலும் போன் செத்துப்போகாது. மெமரி கார்டில் ஜம்ப்டிரைவ் என்ற மீட்பு இமேஜைப் போட்டுச் செருகினால் கார்டிலிருந்தே பூட் ஆகி, உள் சேமிப்பு மடிக்கணினியில் ஒரு யுஎஸ்பி வட்டாகத் தெரியும். கார்டும் கூடவே தெரியும் என்பதால், எது எது என்று அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸ் போட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். குவால்காம் சிப் உள்ள போன்களில் டஜன் கணக்கில் சின்னப் பார்ட்டிஷன்கள் இருக்கும். மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2 போன்றவற்றில் அந்தப் போனுக்கே உரிய ரேடியோ விவரங்கள் கிடக்கும். போனால் சிக்னலும் போச்சு, அடுத்தவர் போனிலிருந்து எடுத்துப் போடவும் முடியாது. ஆரம்பிக்கும் முன்பே அவற்றைக் கணினிக்கு நகலெடுத்து வையுங்கள். எஸ்எஃப்டிஸ்க் என்ற கருவியின் டம்ப் கட்டளையால் பார்ட்டிஷன் அட்டவணையையும் ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். சின்ன டெக்ஸ்ட் கோப்புதான், உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளலாம்.

சரி, ஏற்கெனவே அளவு தப்பி வெட்டியாகிவிட்டது, பூட் ஆகவில்லை. இ2எஃப்எஸ்சிகே ஓட்டினால், ஃபைல் சிஸ்டத்தின் அளவு இவ்வளவு, வட்டின் அளவு அதைவிடக் குறைவு என்று சொல்லி, நிறுத்திவிடவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி நிறுத்துங்கள். "ரிப்பேர் பண்ணட்டுமே" என்று தொடர்ந்தால்தான் கோப்புகள் நிஜமாகவே போகும். வெட்டிய இடத்தில் வேறெதுவும் எழுதப்படாதவரை தரவு அப்படியே இருக்கும். டம்ப் கோப்பிலுள்ள பழைய செக்டர் (வட்டின் சின்னக் கட்டம்) எண்களையே திரும்பக் கொடுத்து அட்டவணையை மீட்டு, எதையும் மாற்றாமல் வெறுமனே பார்க்கும் முறையில் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். சுத்தமாக வந்தால் ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து, படங்களையும் தொடர்பு எண்களையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.